கிராண்ஷாம் மடத்தில் தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

சுவிட்சர்லாந்து நண்பர்களே, ஓர் உதவி. நியூஷாத்தெல் ஏரிக்கு அருகே, அரூஸ் பக்கத்தில் உள்ள கிராண்ஷாம் சகோதரிகள் மடத்தில் யாராவது விருந்தினராகத் தங்கியிருக்கிறீர்களா?

புராட்டஸ்டன்ட் சபையில் பெண் துறவிகளா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். உண்டு. 1930களில் சீர்திருத்த சபைப் பெண்கள் சிலர் மௌன தியானத்துக்காக அங்கே கூடத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த சமூகம் அது. 1952இல் முதல் சகோதரிகள் வாழ்நாள் முழுவதற்குமாக வாக்குக் கொடுத்தார்கள். பிரான்சில் தேஸே என்ற ஊரில் உள்ள துறவிச் சகோதரர்களின் வாழ்க்கை ஒழுங்குதான் இவர்களுக்கும். நாளுக்கு நான்கு வேளை ஜெபம், நடுவே வேலை, விருந்தோம்பல், நிறைய மௌனம். இதைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு அங்கே சில நாள் இருக்க வேண்டும் என்று ஒரே ஆசை.

அம்மா சிஎஸ்ஐ சபை, ஓய்வு பெற்ற ஆசிரியை. பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் சுமார். ஜெபத்தில் கூடவே பாட முடியுமா, பாட்டுப் புத்தகம் கையில் தருவார்களா? விடியற்காலையில் சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பது அவருடைய பழக்கம். அறையில் மெதுவாக வாசித்தால் மௌனத்துக்கு இடைஞ்சலாகுமா? சர்க்கரை நோயும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு நடுவில் ஏதாவது சாப்பிட முடியுமா? அப்புறம், மகள் நானும் கூடத் தங்கலாமா, எவ்வளவு முன்னால் எழுதிக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.