மேலத்தெரு சொந்தங்கள்: பக்ரீத்துக்கு முந்தின ராத்திரி

ரோஸி: யாரிடமாவது சார்ட் பேப்பர் இருக்கிறதா? திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்கணும். என் மகளும் ஆயிஷாவும் சேர்ந்து ஆபிரகாம் கதையை வரையணுமாம். இரண்டும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

ஹமீதா அக்கா: ஏன்?

ரோஸி: பலி கொடுக்கப் போன பிள்ளை யார் என்று சண்டை. இவள் ஈசாக்கு என்று எழுத, அவள் அழித்து இஸ்மாயீல் என்று எழுத, பேப்பரில் ஓட்டை.

சுப்பு அண்ணாச்சி: 😂

ஜெபமணி சார்: ரோஸி, ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு என்று தெளிவாக இருக்கிறது. யூதர்களுக்கும் அதுதான், அவர்கள் வேதமான தோராவின் முதல் புத்தகமே ஆதியாகமம். ஆனால் அவர்கள் பலி என்று சொல்வதில்லை, 'கட்டுதல்' என்பார்கள். பிள்ளையைக் கட்டிக் கிடத்தினாரே தவிர வெட்டவில்லையே. அவர்கள் புத்தாண்டின் இரண்டாம் நாள் இதை வாசிப்பார்கள். நம் சபையில் இதையே கல்வாரியில் இயேசு சிலுவையில் மரித்ததற்கு முன்னடையாளம் என்று பிரசங்கிப்போம். அதாவது... மேலும் படிக்க

சுப்பு அண்ணாச்சி: 'மேலும் படிக்க' வந்தால் நான் நாளைக்குத்தான் சார்.

ஹமீதா அக்கா: குர்ஆனில் அந்த இடத்தில் பிள்ளையின் பெயரே இல்லை சார். 37ஆவது சூரா. அது முடிந்த பிறகுதான் இஸ்ஹாக், அதாவது உங்கள் ஈசாக்கு, பற்றிய நற்செய்தி வருகிறது. அதனால் அந்தப் பிள்ளை இஸ்மாயீல் என்று எடுத்துக்கொள்கிறோம். தபரீ மாதிரிப் பழைய மார்க்க அறிஞர்கள் சிலர் இஸ்ஹாக் என்றும் சொன்னதுண்டு.

ஜெபமணி சார்: பெயர் இல்லையா?

பிலோமினா: ஆதியாகமம் இல்லை அத்தான், தொடக்கநூல்.

ஜெபமணி சார்: ஆரம்பித்துவிட்டாயா. கத்தோலிக்கர் உங்களுக்கு பைபிளில் 73 புத்தகம், எங்களுக்கு 66. எங்கள் பழைய ஏற்பாட்டு 39ஐ யூதர்கள் 24 என்று எண்ணுவார்கள்.

பிலோமினா: அந்த ஏழு புத்தகத்துக்காகத்தானே உங்கள் தம்பி கல்யாணத்தில் கோயில் வாசலிலேயே நின்றீர்கள்.

ரோஸி: சார்ட் பேப்பர்??

பிரவீன்: (படம்) கொச்சி யூதர் ஜெப ஆலயம், 1568இல் கட்டியது. போன மாதம் போனேன். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே விடுவார்கள். தரை முழுக்க நீலம் போட்ட சீன ஓடு.

சுப்பு அண்ணாச்சி: போன மாதமா? மோட்டார் ரிப்பேருக்குக் கேட்டபோது கையில் காசில்லை என்றாயே தம்பி?

பிரவீன்: 🙏

ஹமீதா அக்கா: ரோஸி, இன்னொன்று. நபிமார் முகத்தை நாங்கள் வரைய மாட்டோம். ஆயிஷாவிடம் இப்ராஹீம் நபியை வரையச் சொல்லாதே.

ரோஸி: அப்போ எதை வரைய?

பிலோமினா: பிள்ளைக்குப் பதில் பலியான கடா. அது எல்லாருக்கும் உண்டே.

ஜெபமணி சார்: புதரில் கொம்பு சிக்கிய மாதிரி வரையணும்.

ஹமீதா அக்கா: எங்களுக்குப் புதர் இல்லை.

சுப்பு அண்ணாச்சி: நாளைக்குக் கறி எத்தனை மணிக்கு அக்கா?

ஹமீதா அக்கா: தொழுகை முடிந்து அறுத்துப் பங்கு போட 11 ஆகும். சார் வீட்டுக்குக் கொழுப்பில்லாமல் தனியாக வைக்கிறேன்.

ஜெபமணி சார்: கொஞ்சம் இருக்கட்டும்.

பிலோமினா: போன வருஷம் எங்களுக்கு எலும்புதான் வந்தது.

ரோஸி: மாடியில் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தாச்சு. கொம்பு நேரா, சுருளா என்று கேட்கிறார்கள். கடை மூடியாச்சு. சார்ட் பேப்பர் யாரிடமும் இல்லையா?

ஜெபமணி சார்: பழைய சபைக் காலண்டர் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளை.

பிலோமினா: முன்பக்கம் யார் படம்?