புளியமரம் கழிக்கும்போது செயின் புகைகிறது, சூடானதும் மெஷின் நின்றுவிடுகிறது

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். 58 சிசி பெட்ரோல் செயின்சா, 20 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு), 76 லிங்க் செயின். தேனி பக்கம் சாலையோரப் புளியமரங்களிலும் தோப்புகளிலும் கிளை கழிக்க ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, மெஷின் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

ஒன்று, வைரம் பாய்ந்த புளியங்கிளையில் வைத்தால் பாரில் புகை வருகிறது. சீவல் விழாமல் மாவு மாதிரி தூள் விழுகிறது. வெட்டு நேராக இறங்காமல் வலது பக்கம் வளைகிறது. புதுச் செயின் போட்டும் பாதி நாளில் அதே கதை.

இரண்டு, காலையில் இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியபின் வெட்டிக்கொண்டிருக்கும்போதே இறங்கி நின்றுவிடும். உடனே இழுத்தால் எடுக்காது, கால் மணி நேரம் ஆறவைத்தால் எடுக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுத்தோம். பவர் ஏறட்டும் என்று கார்பரேட்டரில் எச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவை வைக்கும் திருகு) உள்ளே கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். சத்தம் கூர்மையாக வருகிறது, ஆனால் நிற்பது நிற்கவில்லை. பாருக்கு லாரி செட்டில் கிடைக்கும் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுகிறோம். பெட்ரோல் 5 லிட்டர் கேனில் மொத்தமாகக் கலந்து வைப்போம், 100 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்). எங்கிருந்து ஆரம்பிப்பது?

சிறுமலை_ரம்பம்

தம்பி, கார்பரேட்டரைப் பிறகு பார்க்கலாம். மொட்டைச் செயினை வைத்து அழுத்தினால் எந்த மெஷினும் சூடாகும். அதனால் வெட்டுகிற பக்கத்தை முதலில் சரி பண்ணுங்கள்.

புகை எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். பார் முழுக்கப் புகைந்தால் பல் மொட்டை அல்லது ஆயில் வரவில்லை. பாரின் மூக்கில் மட்டும் என்றால் முனைச் சக்கரம் இறுகியிருக்கிறது. கிளட்ச் மூடிப் பக்கம் என்றால் பிரேக் பட்டை பாதி பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையேல் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

தூள் விழுகிறது என்றால் பல் மொட்டை, அதில் சந்தேகமே இல்லை. .325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். கடையில் 4 மி.மீ. கொடுத்தால் வாங்காதீர்கள், பல்லின் அடியைக் குடைந்துவிடும், முனை சீக்கிரம் உடையும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் சாதாரணமாக 30 டிகிரி. காய்ந்த புளி, சீமைக்கருவேலம் மாதிரிக் கெட்டி மரத்துக்கு 25 வைத்தால் முனை கொஞ்சம் நின்று பிடிக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும்.

வலது பக்கம் வளைவதற்குக் காரணம் இதுதான்: எந்தப் பக்கப் பல் நீளமும் கூர்மையுமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் பார் இழுபடும். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் தேய்ப்பது வசதி, மறுபக்கம் வசதியில்லை, அதனால் கணக்கு மாறிப்போகும். எல்லாப் பல்லிலும் மிகக் குட்டையானதைத் தேடி வெர்னியரில் அளந்து, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். பல்லுக்கு முன்னால் இருக்கும் மட்டத்தையும் (பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மேடு) மறக்கக் கூடாது. அது பல் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு முறை கூர் தீட்டியபின் அளவுத் தகடு வைத்துத் தட்டை அரத்தால் இறக்குங்கள். சீக்கிரம் வெட்டும் என்று ஆசைப்பட்டு அதிகம் இறக்கினால் செயின் மரத்தைக் கடித்து நிற்கும், மூக்கு பட்டால் மெஷின் முகத்தைப் பார்த்து எகிறும்.

பல் சரியாக இருந்தும் வளைந்தால் தப்பு பாரில். செயின் ஓடும் பள்ளத்தின் இரு பக்க விளிம்பைத்தான் உதடு என்கிறோம், அதில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருக்கும். செயினைக் கழற்றி, சமமான கண்ணாடி மேல் பாரை அதன் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்துங்கள். சாய்ந்தால் உதடு சமமில்லை. வெளியே பிதுங்கிய சில்லைத் தட்டை அரத்தால் எடுத்து, இரண்டையும் மட்டம் பண்ணுங்கள். செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் தேய்மானம் இரு பக்கமும் பகிரும்.

இப்போது ஆயில். பழைய இன்ஜின் ஆயிலை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இரும்புத் துகளும் கரியும் இருக்கும், பம்பின் பல்லைத் தின்னும், பாருக்குப் போகிற ஓட்டையை அடைக்கும். கையிலும் முகத்திலும் தெறித்துக்கொண்டே இருக்கிற சாமான் அது, தோலுக்குக் கெடுதல், புற்றுநோய் வரை போகக்கூடியது. செயின் ஆயில் கிடைத்தால் அதுதான் நல்லது, ஒட்டிக்கொள்ளும் தன்மைக்காகவே செய்தது. கிடைக்காவிட்டால் புதிய எஸ்.ஏ.இ 40 ஆயில் நம் வெயிலுக்குப் போதும்.

பாரைக் கழற்றி, பள்ளத்தை ஒரு உடைந்த ஹேக்சா பிளேடால் சுரண்டுங்கள். புளித்தூளும் கருப்பு ஆயிலும் சேர்ந்து களிமண் மாதிரி வரும். ஆயில் ஓட்டையில் மெல்லிய கம்பி விடுங்கள். மாட்டியபின், வெள்ளை அட்டைக்கு ஒரு சாண் மேலே மூக்கைப் பிடித்து முக்கால் திராட்டில் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறையக் காலியாக வேண்டும். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் பம்ப் வேலை செய்யவில்லை.

சாலையோரப் புளி என்கிறீர்கள். விளம்பரப் பலகை ஆணி, பழைய கம்பி எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். பாதி நாளில் செயின் போகக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும். வெட்டு முகத்தில் அந்த நிறம் தெரிந்தால் அங்கே மேற்கொண்டு இறக்காமல் ஒரு அடி தள்ளி வெட்டுங்கள்.

கார்ப்_பட்டறை

சிறுமலை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றில் மட்டும் எனக்கு வரிசை வேறு. எச் ஸ்க்ரூவை உள்ளே திருப்பியிருக்கிறார்கள் என்றால் இனி ஒரு இழுப்புகூட இழுக்காதீர்கள். உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது, ஆக ஆயிலும் குறையும். அந்தக் கூர்மையான சத்தம் பவர் இல்லை, காய்ந்து ஓடுகிற சத்தம்.

சைலன்சரைக் கழற்றுங்கள், இரண்டு போல்ட்தான். புகை போகிற துவாரத்தின் வழியே டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டு முகம் வழவழப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் தப்பித்தீர்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கையோடு சைலன்சர் வலையையும் பாருங்கள், கரி அடைத்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். அந்த அடைப்பு ஒன்றே மெஷினைச் சூடாக்கி நிறுத்தப் போதும்.

அடுத்தது உங்கள் கேன். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். அந்த அடித்தண்ணீரில் டூ-டி ஆயில் கரையாது. மெஷின் அதை உறிஞ்சினால் ஆயிலே இல்லாமல் ஓடும். கேனில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் மெஷினுக்கு ஆகாது.

சிலர் தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்துவிட்டு மேல் பெட்ரோலை எடுத்து ஓட்டுகிறார்கள். அது வேண்டாம். எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்கும், சூட்டில் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். ஒரு வாரத்துக்கு ஆகிற அளவே கலந்து, மூடியை இறுக்கி, நிழலில் வைப்பதுதான் வழி. மெஷின் சில நாள் சும்மா இருக்கப் போகிறது என்றால் டேங்கைக் காலி பண்ணி, தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓட விடுங்கள். கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் விறைக்காமல் இருக்கும்.

ஆயில் அளவு: 5 லிட்டருக்கு 100 மில்லி என்பது 50:1. ஜாசோ எஃப்டி (டூ-ஸ்ட்ரோக் ஆயிலின் தரக் குறியீடு) என்று டப்பாவில் போட்ட நல்ல ஆயிலுக்கு அது சரி. சாதா டூ-டி ஆயில் என்றால், இந்த வகை 58 சிசி மெஷின்கள் பலவற்றின் புத்தகத்தில் 25:1 என்றே இருக்கும், அதாவது 200 மில்லி. உங்கள் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சுத்தப் பெட்ரோலில் 1 கிலோ எரியக் காற்று சுமார் 14.7 கிலோ வேண்டும். இ20க்குச் சுமார் 13.5 போதும். பழைய பெட்ரோலுக்கு வைத்த கார்பரேட்டரில் இ20 ஊற்றினால், யாரும் தொடாமலேயே அது கொஞ்சம் காய்ந்துதான் ஓடும். அதன்மேல் எச்-சையும் உள்ளே திருப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி அண்ணா. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பிஸ்டனில் மெல்லிய கோடு இரண்டு, விரல்நகத்தில் தட்டுப்படவில்லை. வலையில் பாதிக்கு மேல் கரி. பாட்டிலில் ஊற்றி வைத்ததில் அடியில் ஒரு விரல்கடை கலங்கலாக நிற்கிறது, அதைக் கொட்டிவிட்டோம். பாரின் உதடும் சமமில்லை.

புதுப் பெட்ரோல் ஊற்றி, ஸ்க்ரூவைத் திரும்ப எங்கே வைப்பது? சூட்டில் எடுக்காதது இதோடு தீருமா, காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் சுருள்) மாற்ற வேண்டுமா?

கார்ப்_பட்டறை

நகத்தில் தட்டாத கோடு என்றால் ஓட்டலாம். எதற்கும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள். 150 பி.எஸ்.ஐ. பக்கம் இருந்தால் நல்லது. 110-க்குக் கீழே இருந்தால் சூட்டில் எடுக்காததற்கு அதுவே காரணம்.

ஸ்க்ரூ: எல் (ஐடில், குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் திருகு), எச் இரண்டையும் மெதுவாக உள்ளே தட்டும்வரை திருப்புங்கள், இறுக்கினால் ஊசி முனை கெடும். அங்கிருந்து வெளியே ஒன்றேகால் சுற்று. கூர் தீட்டிய செயின், சுத்தமான ஏர் ஃபில்டர், சூடான இன்ஜின், இந்த மூன்றும் இருந்தால்தான் டியூனிங் அர்த்தமுள்ளது. எல்-லை ஐடில் உச்சத்துக்குப் போகும் இடத்தில் பிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வெளியே. ஐடிலில் செயின் நகரவே கூடாது, நகர்ந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். எச்-சுக்குக் காது வேண்டும். பாரம் இல்லாமல் முழுத் திராட்டில் கொஞ்சம் கரகரவென்று அடைத்த மாதிரி சத்தம் வர வேண்டும், மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும். பாரமில்லாமலே தெளிவாகக் கத்தினால் இன்னும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள்.

காயில் வாங்கும் முன் இரண்டு சோதனை. மெஷின் நின்ற அந்த நிமிடமே பெட்ரோல் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூச்சுக்குழல் அடைத்திருக்கிறது. டேங்கின் மேல் இருக்கும் சின்னத் திருகுமுனையைக் கழுவினால் அல்லது மாற்றினால் முடிந்தது. ரொம்ப மலிவான சாமான், இதைப் பார்க்காமல் காயில் மாற்றிய மெஷின்கள் ஏராளம்.

அதில் எடுக்கவில்லை என்றால் மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். தனியாக வைத்திருக்கும் வேறொரு பிளக்கை ஒயரில் மாட்டி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி சிலிண்டர் இரும்பில் தொடவைத்து இழுங்கள். சூட்டில் தீப்பொறி இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் காயில்தான். புதுக் காயில் போடும்போது ஃப்ளைவீலுக்கும் அதற்கும் இடைவெளி 0.3 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. தீப்பொறி நன்றாக வந்து பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சூட்டில் சோக் இழுப்பதால் வருவது அது, சோக்கைத் தொடாமல் இழுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திராட்டிலை விட்டபின் சத்தம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால், கிராங்க் சீல் அல்லது இன்டேக் ரப்பரில் காற்றுக் கசிவு. கைப்பம்ப் வைத்து 0.5 பார் அழுத்தம் ஏற்றி நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கசிவை ஸ்க்ரூவால் மறைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

கயிறு_ஏணி

மெஷின் பக்கம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒன்றே ஒன்று: தரையில் இரண்டு டேங்க் நிற்காமல் ஓடும்வரை அந்த மெஷினை மரத்துக்கு மேலே ஏற்றாதீர்கள். பாதி வெட்டில் நின்றால், கிளை கிழிந்து தொங்கிக்கொண்டிருக்க, ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிறு இழுக்கத் தோன்றும். அப்படித்தான் தொடையில் படுகிறது. 20 இஞ்ச் பார் மேலே ஏற்றுகிற அளவும் இல்லை. மேலே கைவாள் அல்லது மேல்பிடி வைத்த சின்ன மெஷின், பெரியது கீழே துண்டு போட.

கிளை சிக்கிப் பார் மாட்டிக்கொண்டால் மெஷினை ஆட்டி இழுக்காதீர்கள், உதடு விரிவது அப்படித்தான். இன்ஜினை அணைத்து, பிளாஸ்டிக் ஆப்பு அடித்து எடுங்கள். சிக்காமல் இருக்க, பெரிய கிளையில் முதலில் அடியிலிருந்து கால் பங்கு மேல்நோக்கி வெட்டு, பிறகு அதற்கு ஒரு சாண் வெளியே மேலிருந்து கீழ்நோக்கி. கிளை விழுந்தபின் மிச்சக் கட்டையைத் தண்டை ஒட்டிய வளையத்தைக் காயப்படுத்தாமல் தனியாக எடுங்கள். புளி அந்த வளையத்திலிருந்துதான் காயத்தை மூடும்.

பக்கத்தில் மின்கம்பி இருந்தால், லைனை நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னது போதாது. மின்வாரிய ஆள் நேரில் வந்து எர்த் போட்டபின் ஏறுங்கள்.

சிறுமலை_ரம்பம்

பார் உதடு சமமில்லை என்றீர்களே, தம்பி. தட்டை அரத்தில் சரி பண்ணியபின் டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் செயின் கண்ணி) பள்ளத்தில் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். செயினைப் பக்கமாகத் தள்ளினால் சாய்ந்து பாரையே தொடுகிறது என்றால் பள்ளம் அகன்றுவிட்டது, அரம் போட்டுப் பிரயோசனம் இல்லை, பாரை மாற்றுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) செயின் தின்ற பள்ளம் அரை மி.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் நீட்டிவிடும். சாயங்காலம் வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் இறுக்கியது ஆறும்போது சுருங்கி கிராங்க் பேரிங்கை இழுக்கும்.