இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவது எடை குறைவதைத் தடுக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வீடு சேர ஒன்பதரை ஆகிவிடுவதால், இரவு உணவு பத்து மணிக்குத்தான் அமைகிறது. நான்கு மாதங்களாக மதியச் சோற்றைப் பாதியாக்கி, காலையில் முக்கால் மணி நேரம் நடந்தும், எடை 84 கிலோவிலிருந்து 82-க்கு மட்டுமே இறங்கியிருக்கிறது.

ஸ்பெயினில் 420 பேரை 20 வாரங்கள் கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், மதிய உணவை மூன்று மணிக்குப் பின் உண்டவர்களுக்கு, ஏறத்தாழ அதே அளவு உண்டபோதும், மற்றவர்களைவிடக் குறைவாகவே எடை இறங்கியது. பாஸ்டனில் 16 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட சோதனையில், அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது. பசியை அடக்கும் லெப்டினும் உடல் செலவிடும் ஆற்றலும் குறைந்தன. ஆயினும், மொத்த அளவே முதன்மையானது என்று நான் இன்னும் கருதுகிறேன். பத்து மணிப் பசியில் மூன்று தோசை ஐந்தாகிவிடுவதுதான் என் உண்மையான சிக்கலோ என்ற ஐயமும் இருக்கிறது.

மாலை ஆறரைக்கு அலுவலகத்திலேயே சுண்டலும் இரண்டு இட்லியும் உண்டுவிட்டு, வீட்டில் ஒரு டம்ளர் மோருடன் நிறுத்திக்கொள்ளலாமா? தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. இதே நேரத்தில் பணி முடிப்பவர்கள், உணவு வேளையை எவ்வாறு மாற்றினீர்கள், இரவில் பசியால் தூக்கம் கெட்டதா, எத்தனை வாரங்களில் வேறுபாடு தெரிந்தது என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.