வைகைக் கரைச் சாலையில் சைக்கிள்: கோச்சடையிலிருந்து விரகனூர் வரை ஓட்ட முடியுமா?

அண்ணாநகர்_மிதி:
எல்லாருக்கும் வணக்கம். மாறுதலில் மதுரைக்கே திரும்பி வந்து அண்ணாநகரில் குடியிருக்கிறேன். அகமதாபாத்தில் இருந்தவரை காலையில் சபர்மதிக் கரையில் ஓட்டுவது வழக்கம். அங்கே தண்ணீரை ஒட்டிக் கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப்பாதை, கரையோரமாகப் பூங்காக்கள், வண்டித் தொந்தரவு இல்லாமல் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கேயும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இரண்டு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டிருப்பதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. எந்தக் கரை நல்லது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வழியில் இறங்கி உட்கார இடம் உண்டா? பத்து வயது மகளும் வருகிறேன் என்கிறாள், கூட்டிப்போகலாமா? சைக்கிள் ஹைபிரிட் வகை, நல்ல சாலையிலும் கொஞ்சம் கரடுமுரடான பாதையிலும் ஓடும்.

தெப்பக்குளத்தான்:
தாராளமாக ஓட்டலாம் சார். ஆனால் சபர்மதியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இது தனிப்பாதை இல்லை, பைக்கும் லோடு ஆட்டோவும் போகிற சாலை, நடுவில் விட்டுவிட்டுத்தான் இருக்கும். ஒரு பாலத்தடியில் இறங்கினால் அடுத்த பாலத்தில் ஏறி, போக்குவரத்தைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். அதனால் மேற்கே கோச்சடையிலிருந்து கிழக்கே விரகனூர் வரை ஒரே மூச்சில் என்று திட்டம் போடாமல் நகரத்துக்குள் ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து வடகரைக்கு வந்து மதிச்சியம், ஆழ்வார்புரம் வழியாக ஏ.வி. பாலம் வரை மேற்கே போங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குகிற இடம் அதுதான், அந்த நாட்களில் மட்டும் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பாலத்தில் ஏறியதும் ஓரமாக நின்று ஆற்றுக்குள் இருக்கும் மைய மண்டபத்தைப் பாருங்கள். தண்ணீர் இல்லாத காலத்தில் புல்லுக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில் கல்தூண்கள் அப்படியே நிற்கும், சுற்றிலும் மாடு மேயும். பிறகு தென்கரையில் இறங்கிக் கிழக்கே திரும்பி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், அங்கிருந்து பி.டி.ஆர். பாலம் ஏறினால் உங்கள் அண்ணாநகர். இந்தத் திசையில் ஓட்டினால் திரும்பும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஐந்தரைக்கே கிளம்பிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. தாமதமாகிவிட்டதா, சுற்றை அப்படியே தலைகீழாகப் போடுங்கள்: முதலில் தெப்பக்குளம், பிறகு தென்கரை வழியாக மேற்கே, வடகரையில் திரும்புங்கள். கடைசித் துண்டில் மட்டும் கண் கூசும், அந்த நேரத்துக்குச் சூரியனும் மேலே ஏறியிருக்கும்.

உட்கார இடம் என்றால் தெப்பக்குளம்தான். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது, தைப்பூசத்துக்குத் தெப்பம் விடுகிற குளம். வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து நிரம்பியிருக்கும்போது நடு மண்டபத்தின் நிழல் முழுசாக விழும். சுற்றிலும் நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம் என்பதால் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். கருப்பட்டியும் சுக்கும் சரியான பதத்தில் இருந்தால் அதற்கு மேல் காலைச் சாப்பாடே வேண்டாம்.

ஒன்று மட்டும் வருத்தமாக இருக்கிறது. செல்லூர்க் கண்மாயிலிருந்து வரும் பந்தல்குடி கால்வாய் வைகையில் சேருகிற இடத்தில் சாக்கடை நாற்றம் மூச்சை அடைக்கும். இத்தனை கோவில் விழா நடக்கிற ஆறு அது. சாலை போட்ட அக்கறையில் பாதியாவது கழிவுநீரைத் தடுப்பதில் காட்டியிருக்க வேண்டும்.

செல்லூர்க்காரி:
அண்ணா, பாப்பாவைக் கரைச் சாலைக்கு இப்போதைக்குக் கூட்டிப்போகாதீர்கள். பாலத்தடியில் எதிர்த்திசையில் பைக் வரும், நாய்க்கூட்டமும் உண்டு. பெரியவர்கள் இறங்கி வண்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு நடந்தால் நாய் அடங்கிவிடும், குழந்தை பயந்து வேகமாக மிதித்தால் கண்டிப்பாகத் துரத்தும். முதலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.கே. நகர், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஓட்டிப் பழகட்டும், உங்களுக்கும் பக்கம். சுந்தரம் பூங்காவில் விளையாட விட்டுவிட்டு நீங்கள் இளைப்பாறலாம். இன்னொரு நாள் தல்லாகுளம் எக்கோ பார்க், பக்கத்திலேயே காந்தி மியூசியம். அது ராணி மங்கம்மாள் அரண்மனை என்று சொல்லிக் கூட்டிப்போனால் என் பையன் மாதிரி அவளும் உற்சாகமாக வருவாள். கோரிப்பாளையம் நெரிசலில் மட்டும் அவளை மிதிக்க விடாதீர்கள், உருட்டிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

மேலக்கால்_ரோடு:
எல்லாரும் கிழக்கையே சொல்கிறீர்கள். எனக்கு மேற்குதான். ஆரப்பாளையத்தில் புட்டுத்தோப்பைத் தாண்டி (வந்திக்காகச் சொக்கநாதர் மண் சுமந்த கதைக்கு ஆவணியில் விழா எடுக்கிற இடம்) கோச்சடை வந்து மேலக்கால் ரோட்டைப் பிடியுங்கள். துவரிமான் தாண்டியதும் நகரம் முடிந்துவிடும். தென்னந்தோப்பு, வயல், அப்பப்போ மரங்களுக்கு இடையில் ஆறு. சோழவந்தான் வரை போனால் வெற்றிலைக் கொடிக்கால்கூடப் பார்க்கலாம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. தனிப்பாதை இல்லைதான், ஆனால் மூச்சு விட நல்ல காற்று இருக்கிறது. பஸ் வேகமாக வரும், பின் விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம், வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் யானைக்கல் பக்கம் தரைப்பாலமும் கரைச் சாலையும் முங்கிவிடும். தடுப்பு வைத்திருந்தால் நுழையாதீர்கள். ஓரமாகப் போய்விடலாம் என்று நினைக்கிற இடத்தில்தான் இழுப்பு அதிகம்.

அண்ணாநகர்_மிதி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகளுக்கு வண்டியூர்க் கண்மாய், எனக்குத் தெப்பக்குளச் சுற்று என்று முடிவு செய்துவிட்டேன். கரையோரம் சீமைக்கருவேலம் நிறையத் தெரிகிறதே, பஞ்சர் தொல்லை எப்படி?

தெப்பக்குளத்தான்:
முள் வெட்டிப் போட்டிருக்கிற இடத்தில் சாலையிலேயே சிதறிக் கிடக்கும், சுவரோரமாக ஓட்டாமல் ஒரு முழம் தள்ளி ஓட்டுங்கள். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கிற பஞ்சர் டேப் சைக்கிள் கடையில் கிடைக்கும், போட்டுவிடுங்கள். ஒரு டியூபும் கைப்பம்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். முள் குத்தியது தெரிந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். பல நேரம் அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு வீடு வரை காற்றைத் தாங்கும். புது டியூப் மாட்டும் முன் டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவி முனை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மாட்டிய டியூபும் போய்விடும்.