புதுப்பிப்பு: அம்மாவின் கண்ணுக்கு அந்த 'ட்ரையல்', மூன்று லட்சம் கட்டவில்லை

போன மாதம் கேட்டிருந்தேனே: மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அம்மாவுக்கு உலர் வகை மாகுலர் சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி மெல்லச் சிதையும் நோய்), ஒரு தனியார் மையம் ஸ்டெம் செல் 'ட்ரையல்' என்று மூன்று லட்சம் கேட்கிறது, கட்டலாமா என்று. கட்டவில்லை.

நீங்கள் சொன்னபடி சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேட்டேன். "அதெல்லாம் ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார்கள். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய பதிவு அது. 2009 ஜூனிலிருந்து கட்டாயம். தவிர, நோயாளியிடமே காசு வாங்கி நடத்துவது என்ன ஆராய்ச்சி? ஃபுளோரிடாவில் 2015இல் 5,000 டாலர் கட்டி, இரண்டு கண்ணிலும் இப்படி ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்குப் பார்வை போனது. அதைப் படித்த இரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம் பாண்டி பஸ் ஏறி ஒரு விழித்திரை மருத்துவரைப் பார்த்தோம். அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற பெக்செட்டகோப்ளான், அவாசின்காப்டாட் இரண்டும் கண்ணுக்குள் போடும் ஊசிகள். சிதைவை மெதுவாக்கும், போன பார்வையைத் திருப்பித் தராது என்றார். விழித்திரைக்கு அடியில் 2 மி.மீ. சிப் வைக்கும் ப்ரீமா ஆய்வில் சிலர் மறுபடி எழுத்துப் படிக்கிறார்களாம். அம்மாவின் நிலைக்கு அது இப்போது தேவையில்லை.

சரி, இப்போதைக்கு ஃப்ரிட்ஜ் கதவில் ஆம்ஸ்லர் கட்டம், அதாவது பார்வையைச் சோதிக்க நேர்கோடுகளால் கட்டம் போட்ட தாள். காலையில் காபி டம்ளரோடு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார். கோடு புதிதாக நெளிந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய் கசியும் ஈர வகையாக மாறியிருக்கலாம். நேற்று, "கோடெல்லாம் நேராத்தான் இருக்கு, நீ ஒட்டினதுதான் கோணல்" என்றார்.