மஞ்சள் சாயம் துணியில் நிற்கவே மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். மஞ்சள்தூளை வைத்துப் பருத்தித் துணிக்குச் சாயம் போட்டுப் பார்க்கிறேன், மூன்றாவது முறையும் சொதப்பல்.

அந்த நிறத்தைத் தருவது குர்குமின் என்பதும், அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும் என்பதும் தெரியும். அதனால் தூளை எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை வெந்நீரில் கலந்து, சாயம் பிடிப்பதற்காகப் படிகாரத்தில் ஊறிய துணியை அதில் முக்கி எடுத்தேன். கண்ணைப் பறிக்கிற மஞ்சள்! சரி, ஜெயித்துவிட்டோம் என்று சோப்புப் போட்டு அலசினால் துணி முழுக்கச் செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாக மாறிவிட்டது. சோப்பில் இருக்கிற காரம் (அமிலத்துக்கு எதிரானது, alkali) பட்டால் குர்குமின் சிவக்கும் என்று படித்திருந்தும் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்ததும் மஞ்சள் திரும்பி வந்தது, அதுவரை நிம்மதி.

உண்மையான தலைவலி வெயில்தான். இரண்டு நாள் கொடியில் கிடந்ததில் மேல் பக்கம் வெளிறிப்போய், மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஒளி பட்டால் குர்குமின் சிதையும், அதைப் படிகாரம் தடுக்காது போல.

கடுக்காய் மாதிரி டானின் (துவர்ப்புச் சத்து) உள்ள ஏதாவது ஒன்றில் துணியை முதலில் ஊறவைத்தால் தாக்குப்பிடிக்குமா? அப்புறம், துவைக்கக் காரமில்லாத திரவ சோப்பு போதுமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது. செயற்கைச் சாயத்துக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.