ஓடிஎஸ் படலம் ஒழுங்காக நின்றதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

கரிம டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு ஓடிஎஸ் (ஆக்டாடெசில்ட்ரைகுளோரோசிலேன்) பழக்கமான பொருள். சிலிக்கான் டை ஆக்சைடின் மேல் 18 கார்பன் சங்கிலிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்க வேண்டும். தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர். எங்கள் ஆய்வகத்தில் ஒரு தொகுதி வேஃபரில் (சிலிக்கான் வட்டில்) தண்ணீர்ச் சொட்டு அழகாக உருண்டு நின்றது, தொடுகோணம் 105 டிகிரிக்கு மேல். ஆனால் பென்டசீன் என்ற கரிமக் குறைகடத்தியைப் படிய வைத்து அளந்தால் மின்னோட்டம் எழவே இல்லை.

எக்ஸ்பிஎஸ் எடுத்தோம்; எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை அளந்து பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் முறை. இந்தப் படலத்துக்கு அது அவ்வளவாகக் கைகொடுக்காது என்பேன். படலத்திலுள்ள சிலிக்கான் அடியிலும் இருக்கிறது. கார்பனோ காற்றுப் பட்ட எல்லாப் பரப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. 285 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் கார்பன் உச்சம் பெரிதாக வந்தது, அவ்வளவுதான். சங்கிலி நிமிர்ந்திருக்கிறதா, சரிந்து கிடக்கிறதா என்பதை அது சொல்லாது.

அகச்சிவப்பு நிறமாலைதான் சொன்னது. இரண்டு பக்கமும் மெருகிட்ட வேஃபரை ப்ரூஸ்டர் கோணத்தில், அதாவது சிலிக்கானுக்குச் சுமார் 74 டிகிரியில், சாய்த்து வைத்து பி-துருவ ஒளியை (படுதளத்திலேயே அதிரும் ஒளியை) ஊடே விட்டோம். இப்படி வைத்தால் வேஃபருக்குள் ஒளி எதிரொளிப்பதால் நிறமாலையில் வரும் அலை வரிகள் அடங்கிவிடும். அதே வேஃபரில் வெட்டிய பூசாத துண்டுதான் பின்னணி. ஒழுங்காக அடுக்கிய படலத்தில் சிஎச்2 பட்டை 2918 செ.மீ⁻¹ பக்கம் வரும். எங்களுக்கு 2924-ல் வந்தது. அந்தச் சின்ன நகர்வுதான் விஷயமே: சங்கிலிகள் முறுக்கிக் கிடக்கின்றன, நெருக்கம் போதவில்லை. சொட்டு மேல்பரப்பைத்தான் தொடுகிறது, இது அதற்குத் தெரியாது.

காரணம் டொலுயீனில் இருந்த ஈரம். ஓடிஎஸ்ஸுக்குத் துளி ஈரம் வேண்டும்தான், ஆனால் கூடினால் கரைசலிலேயே கட்டிப்பட்டு அப்படியே பரப்பில் படியும். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். உலர்த்திய டொலுயீனோடு வேலையைக் க்ளவ் பாக்ஸுக்குள் (ஈரம் புகாத மூடிய பெட்டிக்குள்) மாற்றிய பிறகு பட்டை 2918-க்கு வந்தது, டிரான்சிஸ்டரும் தேறியது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பதில்:

நான் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) மேல் ஃப்ளூரின் உள்ள பாஸ்போனிக் அமிலம் போடுகிறேன். ஃப்ளூரின் வேறெங்கிருந்தும் வராததால் எக்ஸ்பிஎஸ் எனக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் எக்ஸ்-கதிர் படப்பட ஃப்ளூரின் கழன்று போகும். அதனால் ஃப்ளூரின் உச்சத்தை முதலிலேயே எடுத்துவிடுவேன். கடைசியில் அதே இடத்தில் மறுபடி எடுத்தால் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். 134 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும் பாஸ்பரஸ் உச்சம் சின்னது, நிறைய நேரம் பிடிக்கும். அதை மட்டும் மாதிரியின் வேறொரு மூலைக்கு நகர்த்தி எடுக்கிறேன்.